மாறாத தோல் வருத்தத்துக்கு மாதாமாதம் கிளினிக் எதற்கு?

விசுவமடுவிலிருந்து ஒரு தங்கச்சி கேட்டிருக்கிறார். அப்பாவுக்கு 53 வயது, வயல் செய்கிறவர். முழங்கை, முழங்கால், நாரி, தலை எல்லாம் வெள்ளிச் செதிலாக உதிரும் படை, ஆறு வருடமாக இருக்கிறது. கிளினிக் கொப்பியில் சொரியாசிஸ் என்று எழுதியிருக்கிறார்கள். பூசினால் குறைகிறது, விட்டால் திரும்ப வருகிறது. ஒருமுறை போய்வந்தால் ஒரு நாள் உழைப்பு போய்விடுகிறது, அதனால் நாலு மாதமாக அப்பா போகவில்லை. யாரோ ஒருவர் ஊசியால் முற்றாக மாற்றுகிறாராம், அங்கே போகலாமா? அக்காவின் கலியாணம் ஆவணியில், அதற்குள் மாறுமா? இவ்வளவும் கேட்டுவிட்டு, கடைசியில் ஒரு வரியில், ஊரில் சிலர் இதைக் குட்டம் என்று கதைக்கிறார்கள் என்றும் எழுதியிருக்கிறார்.

எந்த மருந்து நல்லது என்று அவர் கேட்கவில்லை. மாறாது என்று தெரிந்த ஒரு வருத்தத்துக்காக, கைக்காசும் ஒரு நாளும் செலவழித்து, கொப்பியைத் தூக்கிக்கொண்டு ஏன் போகவேண்டும் என்றுதான் கேட்கிறார். நியாயமான கேள்வி. காய்ச்சலுக்குப் போனால் காய்ச்சல் மாறவேண்டும் என்று பழகிய எங்களுக்கு, போய்ப் போய் மாறாத இடத்துக்குத் திரும்பப் போவது முட்டாள்தனமாகத்தான் தெரியும்.

நான் டொக்டர் இல்லை. வன்னி ஆஸ்பத்திரிகளில் 27 வருடம் மருந்தாளராக இருந்து ஓய்வு பெற்றவன். தோல் கிளினிக் நடக்கும் நாட்களில் மருந்து கொடுக்கும் யன்னலுக்கு உள்ளே நின்றவன். டொக்டர் எழுதியதை ஆட்கள் எப்படி விளங்கிக்கொள்கிறார்கள், வீட்டுக்குக் கொண்டுபோய் என்ன செய்கிறார்கள் என்பது டொக்டரைவிட எங்களுக்குத்தான் கூடத் தெரியவரும். உங்கள் அப்பாவின் தோலை நான் பார்க்கவில்லை. ஆகவே கொப்பியில் எழுதியிருப்பது சரி என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன். அது சரிதானா என்று திரும்பப் பார்க்கவேண்டிய சந்தர்ப்பங்களையும் பிறகு சொல்கிறேன்.

முதலில் உறுதியாகத் தெரிந்தவை. சொரியாசிஸ் கிருமியால் வருவதில்லை. தொட்டால் ஒட்டாது, ஒரே கிணற்றில் குளித்தால் ஒட்டாது, ஒரே சீப்பால் தலை இழுத்தாலும் ஒட்டாது. உடம்பின் நோய் எதிர்ப்புச் சக்தி தன்னுடைய தோலையே தூண்டிவிடுவதால், ஒரு மாதமளவில் மெல்ல வளர்ந்து உதிரவேண்டிய தோல் மூன்று முதல் ஐந்து நாளில் வளர்ந்து மேலே வந்து குவிகிறது. அந்தக் குவியல்தான் செதில். உலகத்தில் நூறு பேரில் இரண்டு மூன்று பேருக்கு இது இருக்கிறது. 2014ல் உலக சுகாதார மாநாடு இதைத் தொற்றாத, வலி தருகிற, முற்றாக மாற்ற மருந்தில்லாத நாட்பட்ட வருத்தம் என்று சொல்லியே ஒரு தீர்மானம் நிறைவேற்றியது. ஆக, கிளினிக்கில் மாற்றவில்லை என்பது அந்தக் கிளினிக்கின் குறை அல்ல. பிரசர், சீனி வருத்தம் போல இதுவும் கட்டுப்பாட்டில் வைத்திருக்கிற வருத்தம். சீனிக் குளிசையை விட்டால் சீனி ஏறுகிறது என்பதற்காக, குளிசை வேலை செய்யவில்லை என்று யாரும் சொல்வதில்லையே.

சரி, கட்டுப்பாட்டிலாவது இருக்கிறதா? உங்கள் அப்பாவுக்கு அதுவும் முழுதாக இல்லை. அதற்குக் காரணம் மருந்தாக இருக்காது, அளவாக இருக்கலாம் என்பது என் ஊகம். இந்த இடத்தில் கொஞ்சம் கணக்குப் பார்ப்போம்.

கிளினிக்கில் இதற்குத் தரும் ஸ்டீரொய்ட் ரியூப்பிலிருந்து, அதாவது தோலின் சிவப்பையும் வீக்கத்தையும் அடக்கும் பூசுமருந்திலிருந்து, சுட்டுவிரல் நுனி தொடக்கம் முதல் மடிப்பு வரை ஒரு கோடு பிதுக்கினால் ஏறத்தாழ அரைக் கிராம் வரும். அது இரண்டு கையளவு தோலுக்குக் காணும். கையளவு என்றால் விரல்களும் சேர்ந்த உள்ளங்கை, நோயாளியின் கை. இப்போது அப்பாவை நிற்கவைத்து அளந்து பாருங்கள். முழங்கை இரண்டும் ஒவ்வொரு கையளவு, முழங்கால் இரண்டும் ஒன்றரை, நாரியில் மூன்று என்று வைத்தால் மொத்தம் எட்டுக் கையளவு. ஒருமுறை பூச நாலு கோடு, இரண்டு கிராம். காலையும் இரவும் என்றால் நாளுக்கு நாலு கிராம். 15 கிராம் ரியூப் ஒன்று நாலு நாளுக்குக் கூடக் காணாது. இரண்டு கிழமை ஒழுங்காகப் பூச நாலு ரியூப் வேண்டும். நாளுக்கு ஒருமுறை போதும் என்று டொக்டர் எழுதியிருந்தால் இரண்டு.

ஆனால் யன்னலில் நான் கண்டது என்ன? ஒரு ரியூப்பை ஒன்றரை மாதம் வைத்திருந்தவர்கள். அடுத்த முறை வரும்போது பாதி மிச்சத்தோடு கொண்டுவந்து, இன்னும் இருக்கிறது என்று பெருமையாகக் காட்டிய அம்மாமார். விபூதி பூசுகிற மாதிரித் தொட்டுத் தடவியிருப்பார்கள். குற்றம் சொல்ல முடியாது. எதையும் மிச்சம்பிடித்துப் பழகிய சனம். அதோடு மருந்துத் தட்டுப்பாட்டையும் கண்ட சனம். 2022ல் எத்தனை பேருக்கு வெளியில் வாங்குங்கோ என்று துண்டைத் திருப்பிக் கொடுத்திருக்கிறோம். இருக்கும் ரியூப்பை ஒளித்து வைத்துப் பூசுகிற பழக்கம் அப்படித்தான் வந்தது. ஆனால் இந்த மருந்தில் அந்தச் சிக்கனம் பலிக்காது. மாதம் முழுக்க நாளுக்கு ஒரு துளி பூசுவதைவிட, சொன்ன அளவை இரண்டு கிழமை பூசிவிட்டு, டொக்டர் சொன்னபடி இடைவெளி விடுவது எவ்வளவோ நல்லது. ரியூப் காணாவிட்டால் டொக்டரிடம் இந்தக் கணக்கையே சொல்லுங்கள்: எட்டுக் கையளவு இருக்கிறது, நாலு நாளில் முடிகிறது. அப்படிச் சொல்கிறவருக்கு எத்தனை ரியூப் எழுதவேண்டும் என்று டொக்டருக்கு விளங்கும். 'மருந்து காணாது' என்று மட்டும் சொன்னால் இன்னும் கடுமையான மருந்தை எழுதிவிடக்கூடும்.

இரண்டாவது விடயம், செதிலுக்கு மேலேயே பூசுவது. அது வைக்கோலுக்கு மேல் பசளை எறிகிற மாதிரி, வேருக்குப் போகாது. சலிசிலிக் அமிலம் கலந்த களிம்பு தந்திருந்தால் அது செதிலை இளக்குவதற்கு. தராவிட்டால் தேங்காய் எண்ணெயை நன்றாகப் பூசி, ஒரு மணித்தியாலம் விட்டு, குளித்து, மெதுவாகத் துடைத்தால் செதில் கழரும். நகத்தால் சுரண்டக்கூடாது. இந்த வருத்தத்துக்கு ஒரு கெட்ட குணம் இருக்கிறது: தோலில் காயம் பட்ட இடத்தில் புதிதாக முளைக்கும். முள் கிழித்த கோட்டிலேயே படை வரிசையாக வந்த ஒருவரைக் கண்டிருக்கிறேன். கடிக்கிறது என்று சொறிந்தால் நாங்களே பாத்தி கட்டிக் கொடுத்தது போல.

குளித்து ஈரம் காயமுன்னம் எண்ணெயோ, வாசலினோ, ஆஸ்பத்திரியில் போத்தலில் போட்டுத் தரும் வெள்ளைக் களிம்போ தாராளமாகப் பூசவேண்டும். பெரிய வாளியிலிருந்து வழித்து, ஆட்கள் கொண்டுவரும் யோகட் கோப்பையிலும் ஜாம் போத்தலிலும் அந்தக் களிம்பைப் போட்டுக் கொடுத்திருக்கிறேன். 'இதென்ன, வெறும் கிறீஸ்' என்று வெளியில் போய் எறிந்தவர்களும் உண்டு. ஸ்டீரொய்ட் ரியூப்பைக் கொண்டாடுகிறவர்கள் இதைக் கணக்கில் எடுப்பதில்லை. ஆனால் படை ஓய்ந்திருக்கும் மாதங்களில் தோலைக் காப்பது இதுதான். சிவப்புச் சவர்க்காரம், டெற்றோல் எல்லாம் தோலை இன்னும் காயவைக்கும். இதில் கொல்ல ஒரு கிருமியும் இல்லை. ஒரேயொரு எச்சரிக்கை: வாசலின், பரபின் வகைக் களிம்பு ஊறிய சாரமும் துவாயும் லேசில் தீப்பிடிக்கும். விறகடுப்புக்குக் கிட்ட, குப்பை கொளுத்துமிடத்தில், பீடி சுருட்டுப் பற்றும்போது கவனம். அந்தத் துணிகளை அடிக்கடி தோயுங்கள், தோய்த்தாலும் முழுதாகப் போகாது.

ஸ்டீரொய்ட் என்று கேட்டதும் தோலை அரித்துவிடும் என்று பயந்து விடுகிறவர்கள் ஒரு பக்கம், முகத்துக்கு வெள்ளைக் கிறீம் போலப் பூசுகிறவர்கள் மறுபக்கம். உண்மை நடுவில் இருக்கிறது. முழங்கை, முழங்கால், உள்ளங்கை, பாதம் எல்லாம் தடித்த தோல், கடுமையான மருந்தைத் தாங்கும். முகம், அக்குள், கவடு, மார்புக்குக் கீழ் மடிப்பு தாங்காது. அங்கே தோல் மெலியும், நரம்பு தெரியும், கீறல் விழும். ஆகவே முழங்காலுக்குத் தந்ததை முகத்துக்குப் பூசக்கூடாது, அப்பாவுக்குத் தந்ததை வீட்டில் வேறு ஒருவருக்கும் பூசக்கூடாது. குளோபெற்றசோல் போன்ற மிகக் கடுமையான வகையைக் கிழமைக்கு 50 கிராமுக்கு மேல் போகவிடக்கூடாது, விடாமல் மாதக்கணக்கில் பூசவும் கூடாது.

இனி அந்த ஊசிக்காரருக்கு வருவோம். அவர் யார், எதைப் போடுகிறார் என்று எனக்குத் தெரியாது. ஆனால் ஒரு ஊசியோடு ஒரு கிழமையில் செதில் எல்லாம் உதிர்ந்து தோல் பளிச்சென்று வந்தது என்று யாராவது சொன்னால், நான் முதலில் சந்தேகப்படுவது ஸ்டீரொய்ட்டைத்தான். சொரியாசிசுக்கு ஊசியாகவோ குளிசையாகவோ ஸ்டீரொய்ட் கொடுப்பதைத் தோல் டொக்டர்மார் பெரும்பாலும் தவிர்ப்பதற்குக் காரணம் அது வேலை செய்யாது என்பதல்ல. நன்றாக வேலை செய்யும். நின்ற பிறகுதான் ஆபத்து. மருந்து உடம்பை விட்டு இறங்கும்போது படை முன்பைவிட மோசமாகத் திரும்பலாம். சிலருக்கு உடம்பெல்லாம் சிறுசிறு சீழ்க்கொப்புளமாக வரும், சிலருக்கு உச்சி முதல் பாதம் வரை சிவந்து உரியும். அப்படி ஆனவர் குளிரில் நடுங்குவார், உடம்பில் தண்ணீர் நிற்காது. வாட்டில் படுக்கவேண்டிய நிலைமை அது, உயிருக்கும் ஆபத்து. அதனால் உங்கள் கேள்விக்கு நேர்ப் பதில்: போகவேண்டாம். ஏற்கனவே போட்டிருந்தால் அதை மறைக்காமல் கிளினிக் டொக்டரிடம் சொல்லுங்கள். திட்டுவார் என்று மறைத்தவர்கள்தான் எங்களுக்குப் பெரிய தலையிடி. எதை நிறுத்துவது, எதை மெல்லக் குறைப்பது என்று தெரியாமல் வைத்தியம் செய்ய முடியாது.

சித்த வைத்தியத்தைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் யாராவது கேட்பார்கள். எங்கள் பரியாரிமார் இதைக் காளாஞ்சகப் படை என்பார்கள். வெட்பாலை எண்ணெய் பூசக் கொடுப்பார்கள். அதைப் பூசிச் செதிலும் கடியும் குறைந்தவர்களை நான் கண்டிருக்கிறேன். எண்ணெயாக இருப்பதால் வரும் நன்மை எவ்வளவு, வெட்பாலையால் வருவது எவ்வளவு என்று பிரித்துச் சொல்லும் அளவுக்கு ஆராய்ச்சிகள் பலமாக இல்லை. பதிவு பெற்ற வைத்தியரிடம், அரச சித்த ஆஸ்பத்திரியில், பூசும் எண்ணெயாக எடுத்தால் எனக்கு ஆட்சேபனை கிடையாது, இரண்டு பக்கத்துக்கும் தெரிந்திருக்கவேண்டும், அவ்வளவுதான். ஆனால் பெயரில்லாத பொட்டலத்தில் வருகிற, என்ன இருக்கிறது என்று சொல்லாத பொடியும் உருண்டையும் வேறு. அப்படிப்பட்டவற்றில் ஸ்டீரொய்ட்டும் பார உலோகங்களும் கலந்திருப்பது பல நாடுகளில் கண்டுபிடிக்கப்பட்டிருக்கிறது.

கிரந்திச் சாப்பாடு, அதாவது தோல் வருத்தத்தைக் கிளப்பும் என்று ஊர் விலக்கும் சாப்பாடு பற்றியும் யாராவது கேட்பார்கள். கத்தரிக்காய், கருவாடு, நண்டு, இறால் எல்லாம் தள்ளி வைத்து, பாவம், சோறும் பருப்பும் மட்டும் தின்று மெலிந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். இவற்றால் சொரியாசிஸ் கூடும் என்பதற்கு உறுதியான ஆதாரம் கிடையாது. உங்கள் அப்பா ஒரு சாப்பாட்டுக்குப் பிறகு ஒவ்வொரு முறையும் கூடுகிறது என்று கண்டால் அதை மட்டும் விட்டுப் பார்க்கலாம், நட்டமில்லை. ஆதாரம் இருப்பது வேறு இடத்தில்: சாராயம், புகை, உடம்புப் பருமன். கூடுதல் நிறை இருப்பவர் நிறை குறைத்தால் படையும் குறைகிறது. கருவாட்டை விலக்கச் சொல்லும் அதே ஊர், பின்னேரத்துச் சாராயத்தைப் பற்றி ஒன்றும் சொல்வதில்லை.

அப்பா பிரசருக்கு, இருதயத்துக்கு, மன வருத்தத்துக்கு ஏதாவது குளிசை எடுக்கிறாரா? புறோப்பிறனலோல், அற்ரினலோல் போன்ற சில பிரசர்க் குளிசைகளும், மன வருத்தத்துக்குத் தரும் லிதியமும், மலேரியாவுக்குத் தந்த குளோறோகுயின் இனமும் சிலருக்கு இதைக் கிளப்பிவிடும். நீங்களாக நிறுத்தக்கூடாது, அது படையைவிடப் பெரிய ஆபத்து. எல்லாக் குளிசைகளையும் ஒரு பையில் போட்டுக் கொண்டுபோய்க் காட்டினால் போதும், மிச்சத்தை டொக்டர் பார்ப்பார்.

பூசுமருந்தை அளவாகப் பூசியும் அடங்காவிட்டால் அடுத்த படி இருக்கிறது என்பது பலருக்குத் தெரியாது. கிளினிக்கை விட்டுவிடுகிறவர்களுக்கு உண்மையான நட்டம் இதில்தான். ரியூப் மட்டுமே வைத்தியம் என்று நினைத்து வீட்டில் இருந்துவிடுகிறார்கள். ஒளி வைத்தியம் ஒன்று இருக்கிறது. நல்ல பலன், ஆனால் அந்தக் கருவி இருக்கும் ஆஸ்பத்திரிக்குக் கிழமையில் இரண்டு மூன்று நாள் போகவேண்டும். விசுவமடுவிலிருந்து வயல்காரர் ஒருவரால் அது முடியுமா என்று நீங்களே யோசியுங்கள். காலை வெயில் சிலருக்கு உதவும், எங்களிடம் அதற்குப் பஞ்சமில்லை, ஆனால் தோல் எரியும் அளவுக்கு நின்றால் எரிந்த இடத்திலும் படை வரும். புதிய ஊசி மருந்துகளும் இருக்கின்றன, விலை எங்கள் கைக்கு எட்டாதது. எங்கள் பக்கத்து ஆளுக்கு நடைமுறையில் பொருந்துவது அநேகமாக, நோய் எதிர்ப்புச் சக்தியின் அந்தத் தூண்டலை அடக்கும் மெதொட்றெக்சேற் குளிசை.

இதைப் பற்றி நான் ஒரு பிழையை ஒப்புக்கொள்ளவேண்டும். பல வருடத்துக்கு முன், சனம் நிறைந்த ஒரு நாளில், ஒரு ஐயாவுக்கு இந்தக் குளிசையைக் கொடுத்தேன். 'கிழமைக்கு ஒருக்கா' என்று சொன்னதாகத்தான் ஞாபகம். பைக்கற்றிலும் எழுதினேன், ஆனால் அவருக்கு வாசிக்கத் தெரியாது என்பதைக் கேட்கவில்லை. அவர் பிரசர்க் குளிசை போல நாளுக்கொன்று ஐந்து நாள் போட்டுவிட்டார். வாய் முழுக்கப் புண், காய்ச்சல், இரத்த அணுக்கள் இறங்கி வாட்டில் கிடந்தார். தப்பிவிட்டார். அதற்குப் பிறகு ஓய்வு பெறும் வரைக்கும் இந்தக் குளிசையைக் கொடுக்கும்போது எந்தக் கிழமை என்று அவர்கள் வாயாலேயே சொல்லவைத்துத்தான் கையில் கொடுத்தேன். 'வெள்ளிக்கிழமை, கோயிலுக்குப் போற நாள்' என்று சொன்னால் மறக்காது.

ஆகவே அப்பாவுக்கு அதை எழுதினால் இவ்வளவும் நினைவில் வையுங்கள். கிழமைக்கு ஒரு நாள் மட்டும். போலிக் அசிட் என்ற விற்றமின் குளிசையை டொக்டர் சொன்ன வேறு நாளில். சாராயம், கள்ளு கூடாது, ஈரல் கெடும். இரத்தப் பரிசோதனைக்குச் சொன்ன திகதியில் கட்டாயம் போகவேண்டும், குளிசை முடியாவிட்டாலும் போகவேண்டும். கோற்றைமொக்சசோல் என்ற கிருமிக் குளிசையை இதோடு சேர்த்து எடுக்கவே கூடாது. காய்ச்சலுக்கு வேறு எங்காவது மருந்து எடுக்கும்போது இதைப் போடுகிறேன் என்று முதலே சொல்லவேண்டும். வாய்ப்புண், காய்ச்சல், மூச்சு இழுப்பு, தோலில் இரத்தப் பொட்டு வந்தால் அடுத்த கிளினிக் வரைக்கும் காத்திருக்காமல் உடனே ஆஸ்பத்திரி. இதே குளிசை இளம் பெண்களுக்கு எழுதப்பட்டால் பிள்ளை தங்காமல் பார்த்துக்கொள்ளவேண்டும், கருவைக் கெடுக்கும். பயமுறுத்துவதற்காகச் சொல்லவில்லை. சரியாகப் போட்டு, ஆறு மாதத்தில் பாதி உடம்பு வெளித்தவர்களை நிறையவே கண்டிருக்கிறேன்.

இப்போது குட்டம் என்ற கதை. சொரியாசிஸ் குட்டம் இல்லை, ஒன்று மற்றதாக மாறவும் மாட்டாது. ஆனால் இந்த இடத்தில் ஊரைத் திட்டிவிட்டு மட்டும் போகமுடியாது. இலங்கை 1995லேயே குட்ட நோயைப் பத்தாயிரத்துக்கு ஒருவருக்கும் குறைவு என்ற அளவுக்குக் கொண்டுவந்துவிட்டது, என்றாலும் ஒவ்வொரு வருடமும் புதிதாக ஆட்கள் கண்டுபிடிக்கப்படுகிறார்கள். சுற்றுத் தோலைவிட வெளிறிய அல்லது சிவந்த தேமல், அதில் தொட்டாலோ சுட்டாலோ உணர்வு குறைவு, கை கால் விறைப்பு இருந்தால் காட்டவேண்டும். அது ஆறு அல்லது பன்னிரண்டு மாத இலவச மருந்தில் முற்றாக மாறுகிற வருத்தம். எங்களைப் பயமுறுத்தும் வருத்தம் மாறிவிடும், பயமில்லை என்கிற வருத்தம் மாறாது, விசித்திரம்தான். வவுனியா, முல்லைத்தீவுக் காட்டோரங்களில் வேலை செய்கிறவர்களுக்கு இன்னொன்றும் வரும்: முகத்திலோ கையிலோ கடியும் நோவும் இல்லாத ஒரு பரு, மாதக்கணக்கில் பெருத்து நடுவில் குழி விழும். அது மணல் ஈ கடித்து வரும் லீஷ்மேனியா. அதற்கும் மருந்து உண்டு, ஊசி போட்டு மாற்றுவார்கள். ஸ்டீரொய்ட் ரியூப்பால் அது மாறாது. வட்டமாக ஓரம் மட்டும் சிவந்து பரவினால் படர்தாமரையாக இருக்கலாம், அதற்கு ஸ்டீரொய்ட் பூசினால் கடி நிற்கும், பூஞ்சணம் வெளியில் தெரியாமல் பரவும். ஆறு வருடத்துக்கு முன் எழுதிய பெயரையே பிடித்துக்கொண்டிராமல், புதிதாக வந்த படை பழையதைப்போல் இல்லாவிட்டால் அதைத் தனியாகக் காட்டுங்கள்.

அப்பாவிடம் இன்னொன்று கேட்டுப்பாருங்கள். காலையில் எழும்பும்போது விரலும் முழங்காலும் அரை மணித்தியாலத்துக்கு மேல் இறுகிக் கிடக்கிறதா? ஒரு விரல் முழுதாக வீங்குகிறதா? குதிக்கால் நோகிறதா? நகத்தில் ஊசி குத்தின மாதிரிக் குழி இருக்கிறதா? சொரியாசிஸ் உள்ளவர்களில் நூற்றுக்கு முப்பது பேர் வரைக்கும் மூட்டும் பாதிக்கப்படும். வயல்காரர் அதை மண்வெட்டி பிடித்த நோ என்று நினைத்துச் சொல்லாமலே விடுவார். தோல் டொக்டர் கேட்காவிட்டாலும் நீங்கள் சொல்லவேண்டும். விட்டால் மூட்டு கோணும், அதைத் திரும்ப நிமிர்த்த முடியாது. மருந்தின் தெரிவும் மாறும், அதே மெதொட்றெக்சேற் இரண்டுக்கும் உதவலாம். இந்த வருத்தம் உள்ளவர்களுக்குச் சீனி, பிரசர், இருதய வருத்தம் வருவதும் கொஞ்சம் கூட. வருடத்துக்கு ஒருமுறையாவது அதையும் பார்க்கச் சொல்லுங்கள்.

இவ்வளவுக்கும் கிளினிக்கில் டொக்டர் தருவது மூன்று நிமிடம், சில நாள் அதுவும் இல்லை. அந்த மூன்று நிமிடத்தை வீட்டிலேயே ஆயத்தம் செய்து கொண்டுபோகவேண்டும். படை கூடிய நாட்களில் ஃபோனில் படம் எடுத்து வையுங்கள். கிளினிக் நாளன்று பார்த்து அது அடங்கி இருக்கும், 'குறைவாகத்தானே இருக்கு' என்று கொப்பியை மூடிவிடுவார்கள். முடிந்த ரியூப்களை எறியாமல் கொண்டுபோங்கள், எத்தனை, எத்தனை நாளில் முடிந்தது என்று தெரியும். கேட்கவேண்டியதில் முதலாவது: பூசியும் அடங்கவில்லை, அடுத்த படிக்கு நேரம் வந்துவிட்டதா? அப்புறம், மருந்தை மட்டும் எடுக்கும் மாதங்களில் கிட்ட உள்ள பிரதேச ஆஸ்பத்திரியில் எடுக்கக் கொப்பியில் எழுதித் தரமுடியுமா, அறுவடைக் காலத்தில் இரண்டு மாத மருந்தாகத் தரமுடியுமா என்று வாயைத் திறந்து கேளுங்கள். எல்லா இடத்திலும் தரமாட்டார்கள். கேட்டவர்களுக்குப் பலமுறை கிடைத்ததை நான் பார்த்திருக்கிறேன், கேட்காதவர்களுக்கு ஒருநாளும் கிடைத்ததில்லை. நாலு மாதம் போகாததால் பேசுவார்களோ என்று அப்பா தயங்கினால், உண்மையைச் சொல்லுங்கள்: பஸ்ஸுக்கும் நாளுக்கும் கட்டவில்லை என்று. வருத்தம் குறைந்ததால் வரவில்லை என்று பொய் சொன்னால் மருந்தைக் குறைத்துவிடுவார்கள்.

எனக்கு இன்னொரு சந்தேகம், பிழையாகவும் இருக்கலாம். அப்பா போகாமல் விட்டது உழைப்பு போவதால் மட்டும்தானா? தோல் கிளினிக் வாங்கில் ஊர் ஆட்கள் காண இருப்பது சில ஆம்பிளைகளுக்குப் பெரிய கஷ்டம். முழுக்கைச் சட்டை போட்டு, சலூனுக்குப் போகாமல் வீட்டில் முடி வெட்டி, கலியாண வீட்டுப் பந்தியில் கடைசியாக இருக்கிறவர்களை எனக்குத் தெரியும். இதை அவரிடம் நேரே கேட்கவேண்டாம். கூடப் போங்கள், அவ்வளவுதான். மகள் பக்கத்தில் இருந்தால் வாங்கில் இருப்பது கொஞ்சம் சுகம். டொக்டர் சொல்வதைக் கேட்க இன்னொரு சோடிக் காதும் இருக்கும். பரம்பரையாக வருமா என்று மாப்பிள்ளை வீட்டார் கேட்டால்: பெற்றோரில் ஒருவருக்கு இருந்தால் பிள்ளைக்கு வரும் வாய்ப்பு மற்றவர்களைவிடக் கூட, ஆனாலும் பெரும்பாலான பிள்ளைகளுக்கு வருவதில்லை.

ஆவணிக்கு இன்னும் பத்துக் கிழமை இருக்கிறது. பூசுமருந்தை அளவாகப் பூசினால் இரண்டு முதல் நாலு கிழமையில் வித்தியாசம் தெரியவேண்டும். குளிசை தொடங்கினால் நன்றாகத் தெரிய எட்டுப் பன்னிரண்டு கிழமை எடுக்கும், அதனால் போவதென்றால் இந்த மாதமே போகவேண்டும். முற்றாக மாறியிருக்கும் என்று சொல்லமாட்டேன். முழங்காலை வேட்டி மறைக்கும், முழங்கையைச் சட்டை மறைக்கும். தலை அதற்குள் முழுதாக அடங்காமலும் இருக்கலாம். ஆகவே அப்பாவுக்குச் சட்டை எடுக்கும்போது கடும் நீலத்தில் எடுக்காதீர்கள், வெள்ளையோ சந்தன நிறமோ எடுங்கள். தோளில் இரண்டு செதில் விழுந்தாலும் ஒருவர் கண்ணுக்கும் படாது.